பேசுவதற்கும் ஒரு படிப்பு: மனநல நர்சிங் பல்கலைக்கழகத்துக்குள் வந்த கதை

ஊசி போடக் கற்றுக் கொடுக்கலாம். கட்டுப் போடக் கற்றுக் கொடுக்கலாம். காய்ச்சல் பார்த்து அட்டையில் குறிக்கவும் கற்றுக் கொடுக்கலாம். ஆனால் வருஷக்கணக்காக யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்வது எப்படி என்று கற்றுக் கொடுக்க முடியுமா? அதற்கு ஒரு சிலபஸ் போட்டு, மார்க் போட்டு, எம்.ஏ., எம்.எஸ். என்று பட்டம் கொடுக்க முடியுமா?

முடியும் என்று ஒரு அமெரிக்க நர்ஸ் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். பெயர் ஹில்டெகார்ட் பெப்லாவ். நர்சிங் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் பரீட்சைக் கேள்வியாகத் தெரிந்திருக்கும் ("பெப்லாவின் கொள்கையை விளக்குக, 10 மதிப்பெண்"). மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் இது நர்சிங் பற்றிய கதை மட்டுமல்ல. எது வேலை, எது வேலை இல்லை, எதற்குச் சம்பளம் உண்டு, எது "சும்மா பேசிக்கிட்டு இருக்கிறது" என்ற சண்டையும் இதற்குள் இருக்கிறது. பி.காம் படிக்கிறவன் இதற்குள் மூக்கை நுழைப்பதற்கு அதுதான் காரணம் :-)

முதலில் யார் பார்த்துக் கொண்டார்கள்?

19-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மனநோய் விடுதிகளில் இருந்தவர்கள் நர்சுகள் அல்ல. "அட்டெண்டர்"கள்தான். பலசாலியாக இருக்க வேண்டும், சாவிக்கொத்தைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும், நோயாளி முரண்டு பிடித்தால் அடக்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் தகுதி. பயிற்சி என்று எதுவும் கிடையாது.

அமெரிக்காவில் இது மாற ஆரம்பித்தது 1882-ல். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த மக்லீன் மனநோய் விடுதியில் எட்வர்ட் கௌல்ஸ் என்ற டாக்டர் ஒரு நர்சிங் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மனநோய் ஆஸ்பத்திரிக்குள் இப்படி ஒரு பள்ளி வந்தது அந்த நாட்டில் அதுதான் முதல் முறை. 1873-ல் பயிற்சி முடித்து, அமெரிக்காவின் முதல் பயிற்சி பெற்ற நர்ஸ் என்று அறியப்படும் லிண்டா ரிச்சர்ட்ஸ், பின்னாளில் பல மனநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் இது போன்ற பள்ளிகளை அமைத்துக் கொடுத்தார். உடம்பு சரியில்லாதவருக்குக் கிடைக்கிற கவனிப்பாவது மனசு சரியில்லாதவருக்கும் கிடைக்க வேண்டாமா என்பதுதான் அவர் கேட்டது. பிரிட்டனில் அட்டெண்டர்களுக்காக 1885-ல் ஒரு கையேடு வந்தது. 1891-ல் சான்றிதழும் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து நர்சிங் பள்ளி என்றால் நம்முடைய காலேஜ் மாதிரி நினைத்துக் கொள்ளக் கூடாது. மாணவிகள் பகல் முழுக்க வார்டில் வேலை செய்வார்கள். அசதியோடு வந்து உட்கார்ந்து, நேரம் கிடைத்தால் ஒரு டாக்டர் நடத்தும் வகுப்பைக் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பள்ளி வைத்திருப்பது லாபம். கிட்டத்தட்டக் கூலி இல்லாத ஆட்கள் கிடைக்கிறார்களே! ஒரே நிறுவனம் பள்ளிக்கூடமாகவும் முதலாளியாகவும் இருந்தால் படிப்பு எப்போதும் இரண்டாம் இடத்துக்குத்தான் போகும். 1923-ல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை இதைப் போட்டு உடைத்தது. அதே வருஷம் யேல் பல்கலைக்கழகத்தில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் ஒரு நர்சிங் பள்ளி தொடங்கியது. ஆஸ்பத்திரியின் தேவைக்காக இல்லாமல் படிப்புக்காகவே நடத்தும் பள்ளி.

மனநல நர்சிங்கின் நிலைமை இதைவிட மோசம். பொது ஆஸ்பத்திரிகளில் படித்தவர்களுக்கு மனநோய் பற்றி எதுவும் தெரியாது. மனநோய் ஆஸ்பத்திரியில் படித்தவர்களை மற்ற நர்சுகளே மதிப்பதில்லை. 1913-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நர்சிங் பள்ளி தன் பாடத்திட்டத்தில் மனநல நர்சிங்கைச் சேர்த்தது. ஹாரியட் பெய்லி என்ற நர்ஸ் இந்தத் துறைக்கான முதல் பாடப்புத்தகத்தை 1920-ல் எழுதினார். இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் நர்ஸ் செய்தது என்னவோ பழைய வேலைதான். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, எண்ணிக்கை சரிபார்த்துக் கதவைப் பூட்டுவது.

போர் வந்தது, குட்டு வெளிப்பட்டது

இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, மனநலக் காரணங்களுக்காக அமெரிக்க ராணுவம் திருப்பி அனுப்பியவர்கள் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல். போர்முனையில் உடைந்து போய்த் திரும்பியவர்கள் தனி. இது எங்கேயோ யாருக்கோ வருகிற வியாதி இல்லை, நம் வீட்டுப் பையனுக்கும் வரும் என்று அமெரிக்கர்களுக்கு உறைத்தது அப்போதுதான்.

1946 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையில் அரசு மனநோய் ஆஸ்பத்திரிகள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. துணியில்லாமல் வெறும் தரையில் குந்தியிருக்கும் மனிதர்களின் புகைப்படங்கள் அதில் இருந்தன. மனசாட்சிப்படி போருக்குப் போக மறுத்தவர்களை அரசாங்கம் மாற்று வேலையாக இந்த ஆஸ்பத்திரிகளுக்கு அட்டெண்டர்களாக அனுப்பியிருந்தது. உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு அவர்கள்தான் படங்களையும் சாட்சியங்களையும் வெளியே கொண்டு வந்தார்கள்.

அதே வருஷம் ஜூலை 3-ம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் தேசிய மனநலச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மனநலத் துறைக்கு ஆட்களைப் பயிற்றுவிக்க மத்திய அரசு பணம் தரும் என்றது அந்தச் சட்டம். யாருக்கு என்பதுதான் முக்கியம். மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் என்று நான்கு தொழில்கள். இந்த நான்காவது பெயர் பட்டியலில் இல்லாமல் போயிருந்தால் மீதிக் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும். சட்டத்தின் கீழ் 1949-ல் தேசிய மனநல நிறுவனம் அமைந்தது. பல்கலைக்கழகங்களுக்கு மானியமும், மேல்படிப்பு படிக்கும் நர்சுகளுக்கு உதவித்தொகையும் வர ஆரம்பித்தன. ஒரு துறை வளர்வதற்குப் பெரிய சிந்தனை வேண்டும், சரிதான். மாசாமாசம் ஹாஸ்டல் பில் கட்ட ஒரு ஸ்டைபெண்டும் வேண்டும்!

1948-ல் எஸ்தர் லூசில் பிரவுன் என்பவர் எழுதிய அறிக்கையும் நர்சிங் படிப்பு ஆஸ்பத்திரிகளை விட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போக வேண்டும் என்று சொன்னது. பணம் தயார், இடம் தயார். ஆனால் என்ன சொல்லிக் கொடுப்பது? மனநல நர்சுக்கு என்று தனியாக ஒரு அறிவு இருக்கிறதா? அல்லது டாக்டர் சொன்னதைச் செய்வது மட்டும்தான் அவள் வேலையா?

பெப்லாவ்

பிறந்தது 1909 செப்டம்பர் 1, பென்சில்வேனியாவில் ரெடிங் என்ற ஊரில். ஆறு பிள்ளைகளில் இரண்டாமவர். குடியேறிகளின் குடும்பம். 1918-ல் விஷக்காய்ச்சல் ஊரையே புரட்டிப் போட்டபோது அவருக்கு ஒன்பது வயது. ஜன்னி கண்டவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நோய் ஒருத்தர் உடம்போடு நிற்பதில்லை, குடும்பத்தையே ஆட்டிவைக்கிறது என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது.

1931-ல் ஒரு சாதாரண ஆஸ்பத்திரிப் பள்ளியில் நர்சிங் முடித்தார். பிறகு வெர்மாண்ட் மாநிலத்தில் பென்னிங்டன் கல்லூரியில் நர்சாக வேலை பார்த்துக் கொண்டே அங்கேயே உளவியல் படித்து 1943-ல் பட்டம் வாங்கினார். அந்தச் சமயத்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற தனியார் மனநல ஆஸ்பத்திரிக்குக் களப்பயிற்சிக்குப் போனார். ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், ஹாரி ஸ்டாக் சல்லிவன் போன்ற பெரிய ஆட்களின் பள்ளி அது. மனநோயை மனிதர்களுக்கு இடையே நடக்கும் விஷயமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் சல்லிவன். ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களோடும் பேசி உறவு ஏற்படுத்த முடியும் என்று காட்டியவர் ஃப்ரோம்-ரைக்மன். போரின்போது பெப்லாவ் இங்கிலாந்தில் அமெரிக்க ராணுவத்தின் 312-வது ஸ்டேஷன் ஆஸ்பத்திரியில் இருந்தார். ராணுவத்தின் மனநலப் பயிற்சிப் பள்ளி இருந்த இடம் அது.

போர் முடிந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் 1947-ல் எம்.ஏ. முடித்தார். அங்கேயே மனநல நர்சிங் கற்பிக்கவும் ஆரம்பித்தார். நர்சுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று சொல்லும் ஒரு புத்தகத்தை 1948-ல் எழுதி முடித்தார்.

புத்தகம் வெளிவந்தது 1952-ல்! நான்கு வருஷம் ஏன்? ஒரு டாக்டரின் பெயரைக் கூட்டாசிரியராகப் போடாமல் ஒரு நர்ஸ் தனியாக இப்படி ஒரு கொள்கைப் புத்தகம் வெளியிடுவது அந்தக் காலத்தில் ரொம்பவே அதிகப்படியாகத் தெரிந்ததாம். பெப்லாவ் பெயர் சேர்க்கவில்லை. காத்திருந்தார். கடைசியில் அவர் பெயர் மட்டும் அட்டையில் வந்தது.

புத்தகம் என்ன சொன்னது?

சுருக்கமாகச் சொல்கிறேன். நர்சும் நோயாளியும் முதலில் சந்திக்கும்போது இருவரும் அந்நியர்கள். அங்கிருந்து உறவு சில கட்டங்களாக வளர்கிறது. முதலில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டு பிரச்சனை என்ன என்று பார்ப்பது. அப்புறம், இந்த ஆளை நம்பலாம் என்று நோயாளி அடையாளம் கண்டுகொள்வது. பிறகு கிடைக்கிற உதவியை முழுசாகப் பயன்படுத்திக் கொள்வது. கடைசியில் அந்த உதவி இல்லாமலே நிற்கத் தெரிந்து உறவை முடித்துக் கொள்வது. வழியில் நர்ஸ் பல வேஷங்கள் போட வேண்டியிருக்கும். அந்நியர், ஆசிரியர், தகவல் சொல்கிறவர், ஆலோசகர்... சில நேரம் நோயாளியின் கண்ணுக்கு அம்மாவாகவோ அக்காவாகவோ கூடத் தெரிவார்.

அதோடு பதற்றத்தையும் அவர் படிகளாகப் பிரித்தார். லேசான பதற்றம் நல்லது, புலன்கள் கூர்மையாகும் (பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி). கொஞ்சம் ஏறினால் பார்வை குறுகும். இன்னும் ஏறினால் ஏதோ ஒரு சின்ன விஷயம் மட்டுமே கண்ணில் படும். உச்சத்தில் எதுவுமே உள்ளே போகாது. அந்த நிலையில் இருப்பவரிடம் போய் நீளமாக அறிவுரை சொன்னால் வீண். நர்ஸ் முதலில் பார்க்க வேண்டியது எதிராளி எந்தப் படியில் நிற்கிறார் என்பதை. அதற்கும் முன்னால், தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை.

வகுப்பறையில் நடந்தது

1954-ல் பெப்லாவ் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1974-ல் ஓய்வு பெறும் வரை அங்கேதான். மனநல நர்சிங்கில் கிளினிக்கல் ஸ்பெஷலிஸ்டுகளை உருவாக்குவதற்கான முதல் முதுகலைப் படிப்பு அங்கே அவர் உருவாக்கியதுதான். அதற்கு முன் நர்சிங்கில் மேல்படிப்பு என்றால் ஆசிரியையாகவோ நிர்வாகியாகவோ போவதற்கு. அதாவது படிக்கப் படிக்க நோயாளியை விட்டு விலகிப் போக வேண்டும். படித்துவிட்டு நோயாளியிடமே திரும்பிப் போகலாம் என்றது இந்தப் படிப்பு. நர்ஸ் பிராக்டீஷனர், ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் என்று இன்று பல துறைகளில் இருக்கும் பதவிகளுக்கு முன்னோடிகளில் ஒன்று இது.

எப்படிக் கற்றுக் கொடுத்தார்? ஒரு மாணவிக்கு ஒரு நோயாளி. வாரத்தில் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் போய்ப் பேச வேண்டும். பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து வரி வரியாக அலச வேண்டும். இதற்கு "பிராசஸ் ரெக்கார்டிங்" என்று பெயர்.

புரிவதற்காக நானே ஒரு உதாரணம் எழுதிப் பார்க்கிறேன்:

நோயாளி: இந்தச் சாப்பாட்டுல எதையோ கலந்திருக்காங்க.
மாணவி: ச்சே ச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஆறிடும், சாப்பிடுங்க.
நோயாளி: (முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்.)

பார்த்தால் தப்பே தெரியாது. நம்மில் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் பேப்பரில் எழுதி வைத்துப் பார்க்கும்போது ஆசிரியர் கேட்பார்: அவர் ஒன்று சொன்னார், நீ ஏன் உடனே மூடி வைத்தாய்? நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "உங்களுக்கு எப்போதிலிருந்து அப்படித் தோணுது?" என்று கேட்டிருக்கலாமே? அந்த நிமிஷம் உனக்கு என்ன தோன்றியது? பயமா? சீக்கிரம் முடித்துக்கொண்டு போக வேண்டும் என்ற அவசரமா? அந்தப் பேச்சு நின்று போனது யாருடைய பதற்றத்தால், அவருடையதா, உன்னுடையதா?

எனக்கு இந்த முறை பிடித்துப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அக்கவுண்ட்ஸில் முதல் பாடம், எந்தப் பரிவர்த்தனையும் வவுச்சர் இல்லாமல் புத்தகத்தில் ஏறாது என்பது. காற்றோடு போகிற பேச்சுக்கு பெப்லாவ் ஒரு வவுச்சர் உண்டாக்கினார். எழுதி வைத்ததால்தான் அதைத் திருப்பிப் பார்க்க முடிந்தது, ஒப்பிட முடிந்தது, அடுத்தவருக்குக் கற்றுக் கொடுக்க முடிந்தது. "அது பிறவியிலேயே வரணும்ப்பா, பொம்பளைங்களுக்கு இயல்பா வரும்" என்று சொல்லித்தான் இந்த வேலைக்குக் குறைந்த சம்பளம் கொடுத்து வந்தார்கள். இயல்பாக வருவதற்கு எதற்குப் பட்டம், எதற்குக் கூடுதல் சம்பளம்? இது இயல்பாக வருவதில்லை, பழகினால்தான் வரும் என்பதற்கு அந்தக் காகிதங்களே ஆதாரம்.

விடுமுறைகளில் நாடு முழுக்க அரசு மனநல ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ப் பட்டறைகளும் நடத்தினார். பல இடங்களில் எதிர்ப்பு. டாக்டர்கள் மட்டுமல்ல, நர்சுகளே முறைத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. 1955-ல் அமெரிக்க அரசு மனநோய் ஆஸ்பத்திரிகளில் சுமார் 5,59,000 பேர் இருந்தார்கள். வரலாற்றிலேயே உச்சம். பெரிய வார்டில் ஒற்றை ஆளாக நின்று கொண்டிருக்கும் நர்சிடம் போய் "ஒரு நோயாளியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்" என்றால் கோபம் வராதா?

மாத்திரை வந்த பிறகு

1954-ல் குளோர்ப்ரோமசின் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அலறல் நிறைந்த வார்டுகள் அடங்கின. மாத்திரை வந்துவிட்டதே, பேச்சு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், மாத்திரையால் பதற்றம் தணிந்தவர்களோடு இப்போதுதான் பேசவே முடிகிறது என்றார்கள். இரண்டுமே நடந்தது. 1963-ல் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநல மையங்கள் சட்டத்துக்குப் பிறகு நோயாளிகள் ஆஸ்பத்திரிகளை விட்டு வெளியே வர, முதுகலை படித்த நர்சுகளுக்கு வெளியிலும் வேலை உண்டானது.

எல்லோரும் பெப்லாவை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆன்னி ஆல்ட்சுல் என்று ஒருவர். 1919-ல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்து மனநல நர்சானார். பின்னாளில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நர்சிங் பேராசிரியராகவும் ஆனார். வார்டுகளில் உண்மையிலேயே என்ன நடக்கிறது என்று நேரில் கவனித்து 1972-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். நர்சுகள் நோயாளிகளோடு பேசுகிறார்கள்தான், ஆனால் எந்தக் கொள்கையும் அவர்களை வழிநடத்துவதாகத் தெரியவில்லை என்பது அதன் சாரம். புத்தகத்துக்கும் வார்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து காட்டிய ஆய்வு இது. பெப்லாவுக்கு எதிர்ப்பாட்டாக இதை எடுத்துக் கொள்ள வேண்டியதில்லை. சும்மா விட்டால் தானாக வராது என்று அவர் சொன்னதைத்தானே இதுவும் சொல்கிறது?

பெப்லாவ் 1970 முதல் 1972 வரை அமெரிக்க நர்சுகள் சங்கத்தின் தலைவராக இருந்தார். அதற்கு முன் அதே சங்கத்தின் நிர்வாக இயக்குநர். இரண்டு பதவியும் வகித்தவர் அவர் ஒருவர்தான். 1999 மார்ச் 17-ல் கலிஃபோர்னியாவில் காலமானார். அதற்குள் வரலாறு கொஞ்சம் திரும்பியும் போயிருந்தது. 1980-களில் அரசு மானியம் சுருங்கியது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களும் குறைந்துகொண்டே வந்தன. மாசக்கணக்கில் வளர வேண்டிய உறவுக்கு வாரக்கணக்கில்கூட நேரம் இல்லை. சட்டம் கொண்டுவந்த பணத்தில் வளர்ந்த துறை, பணம் குறைந்ததும் வாடியது.

நம்ம பக்கம்

பெங்களூரில் 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம் ஆரம்ப காலத்திலேயே நர்சுகளுக்கு மனநல டிப்ளமோ நடத்தியது. 1974-ல் அதுதான் நிம்ஹான்ஸ் ஆனது. இன்று இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் எல்லோருக்கும் மனநல நர்சிங் ஒரு பாடம். பெப்லாவ் அதில் உண்டு. பிராசஸ் ரெக்கார்டிங் எழுதுவதும் உண்டு. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல நர்ஸ் என்றால் யார் என்று தனியாகவே வரையறுத்திருக்கிறது.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை. இத்தனை பேரையும் டாக்டர்களை மட்டும் வைத்துப் பார்த்துவிட முடியாது என்பது சாதாரணக் கூட்டல் கழித்தல் கணக்கு. அந்த இடைவெளியில் போய் உட்கார வேண்டியவர்களில் முக்கியமானவர் நர்ஸ்.

ஆனால் ஊசிக்கு பில் போடலாம், மாத்திரைக்கு பில் போடலாம், கட்டிலுக்கு வாடகை போடலாம். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு எந்த ரசீதில் எந்த வரி? பெப்லாவ் அந்த அரை மணி நேரத்தைப் பாடமாக்கினார், பட்டமாக்கினார். ஆஸ்பத்திரிகளின் செலவுக் கணக்கில் அதற்கு ஒரு தலைப்பு வாங்கித் தருவது பாக்கி இருக்கிறது. அது ஒருவேளை எங்களை மாதிரி காமர்ஸ் ஆட்களின் வேலையோ என்னவோ.

நர்சிங் படிக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கேள்வி. நீங்கள் எழுதும் பிராசஸ் ரெக்கார்டிங்கை யாராவது உங்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறார்களா, இல்லை கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களா? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. சொல்லுங்கள்.